மூன்றாம் வாய்க்கால் மதகு

இஞ்சாருங்கோ, நனைந்த சீமெந்து மணம் என்றால் உங்களுக்கு ஒரு பைத்தியம். எங்கேயாவது வீடு கட்டுகிறதைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பீர்கள். போன கிழமை முழுவதும் எங்கள் படலையடியில் அந்த மணந்தான். மாரித் தண்ணீர் அடித்து, ஓடையைக் கடக்கிற எங்கள் மதகின் வடக்குச் சுவர் வெடித்துப்போனது. அதைத் திருத்த நெடுங்கேணியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மேற்பார்வைக்குக் கூட வந்த ஓவசியர் வேலைக்குப் புதிது. சப்பாத்தில் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இது ஆரின்ர மதகு?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பொல்லாத கோபம் வந்தது. இந்தக் கேள்விக்கு மறுமொழி தேடி நீங்கள் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்ப் படிகளை அந்த மனுஷன் அறியுமோ? போய் நாலு கதை கேட்கத்தான் படலையைத் திறந்தேன். அதற்கு முன் வேறொருவர் அவருக்கு மறுமொழி சொல்லிவிட்டார். சொன்னது யார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் தொடக்கத்திலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. என் கதை எப்போதும் நீளம் என்று நீங்களே சொல்கிறவர்தானே, பொறுமையாகக் கேளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கலியாணம் முடித்த கையோடு இங்கே வந்தபோது மதகு இல்லை. குளத்துக்குக் கீழே, மூன்றாம் வாய்க்காலில் காணி கிடைத்தது. அக்கம்பக்கம் எல்லாம் எங்களைப்போல யாழ்ப்பாணப் பக்கத்துச் சனம். அரசாங்கம் காணி தந்தது, வீடு தந்தது, மண்வெட்டிகூடத் தந்தது. வெளியே போய்வர வழி தர மறந்துவிட்டது. பெருந்தெருவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடை. கோடையில் அதில் ஒரு ஆட்டுக்குட்டியின் கால்கூட நனையாது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் நெஞ்சளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். ஆஸ்பத்திரி அக்கரையில், பள்ளிக்கூடம் அக்கரையில், சந்தையும் பஸ்ஸும் அக்கரையில். கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் நாங்கள் ஒரு தீவில் இருந்த மாதிரித்தான்.

வந்த இரண்டாம் மாரியில் பக்கத்துக் காணிப் பவளமக்காவுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டது. மருத்துவிச்சி அக்கரையில் வந்து குடையோடு நின்றா. ஓடை அவாவை விடவில்லை. தண்ணீர் வற்றி அவா வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. பவளமக்கா பிழைத்தாள். அந்தச் சின்ன உடம்பைப் புதைத்துவிட்டு வந்த நீங்கள், கால்கூடக் கழுவாமல், "உதிலை ஒரு மதகு போட ஏன் ஏலாது?" என்று என்னைக் கேட்டீர்கள். மதகு போடுகிறது என் வேலை மாதிரி. நானும், "ஆரிட்டையும் போய்க் கேளுங்கோவன்" என்றேன். அன்றைக்குத் தொடங்கினது உங்கள் அலைச்சல்.

பி.டபிள்யூ.டி.க்காரர், பெருந்தெரு மட்டுந்தான் எங்கள் பொறுப்பு, தெருக்கரையோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். நீர்ப்பாசனக் கந்தோரில், குளமும் கட்டும் வாய்க்காலும் எங்களுடையவை, வான் தாண்டிப் போகிற தண்ணீருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். காணி பகிர்ந்து தந்த குடியேற்ற உத்தியோகத்தர், காணிக்குள்ளே என்ன குறை என்றாலும் சொல்லு, வெளியே எனக்கு அதிகாரமில்லை என்றார். ஒருவரும் உங்களை ஏசவில்லை. இருக்கச் சொல்லிக் கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, இல்லையென்று அனுப்பினார்கள். ஏசியிருந்தால் உங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். திரும்பிச் சண்டை பிடித்துவிட்டாவது வந்திருப்பீர்கள்.

ஒருநாள் மத்தியானம் குசினிக்குள் வந்து பலகையை இழுத்துப் போட்டுக் குந்தினீர்கள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாரும், உமக்கு விளங்கப்படுத்திறன்" என்று கூடையிலிருந்த பூசணிக்காயைத் தூக்கி நிலத்தில் வைத்தீர்கள். "இது வவுனியாக் கச்சேரி. உள்ளுக்குள்ள மாவட்டத்துக்குப் பெரியவர், ஏசண்டர் இருக்கிறார்." பூசணிக்குக் கீழே ஒரு கத்தரிக்காய். "இது டி.ஆர்.ஓ., எங்கட பகுதிக்குப் பெரியவர்." அதற்கும் கீழே ஒரு வெண்டிக்காய். "இது எங்கட விதானையார். கொழும்பில இருந்து வாற கட்டளை பூசணியில விழுந்து, கத்தரியில விழுந்து, வெண்டிக்கு வரும். எங்கட முறைப்பாடு வெண்டியில ஏறி, கத்தரியில ஏறி, பூசணிக்குப் போகோணும்."

"அப்ப இந்தத் தேங்காய் ரெண்டும்?"

"இது நீர்ப்பாசனம், இது பி.டபிள்யூ.டி. இவை பூசணிக்கும் பணியாயினம், வெண்டிக்கும் பணியாயினம். இவையின்ர பெரியவை கொழும்பில."

"வீ.சி. எங்கை?"

நீங்கள் கூடையைக் கிண்டிப் பார்த்தீர்கள். "அது உதுக்குள்ள இல்லை. அது மேல இருந்து வாறேல்லை. சனம் வாக்குப் போட்டுக் கீழ இருந்து வாறது. வவுனியாப் பட்டினத்துக்குப் பட்டினசபை இருக்கிற மாதிரி நாட்டுப்புறத்துக்கு இந்த வீ.சி., கிராமச் சங்கம். ஒழுங்கை, பொதுக்கிணறு, சந்தை, சின்னச் சின்ன மதகு எல்லாம் அவையின்ர கையில."

"அப்ப இவ்வளவு நாளும் அவையிட்டைப் போகாமல் ஏன் பூசணிக்காயைச் சுத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

எனக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு டி.ஆர்.ஓ.வும் விதானையாரும் ஒரே சட்டியில் வெந்தார்கள். கச்சேரியை அடுத்த நாளுக்கு வைத்தேன்.

அதற்கடுத்த சந்தை நாளில் உங்களோடு நானும் நெடுங்கேணிக்கு வந்தேன். அப்போது எனக்கு மூன்று மாதம். பவளமக்காவின் புருஷனும் வந்தார். வீ.சி. சேர்மன் அந்தப் பக்கத்துப் பழைய கமக்காரர். எங்களை விறாந்தையில் இருத்தி மோர் தந்து, சொன்னதெல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தம்பி, நீர் கேக்கிறது ஞாயம். ஆனா உங்கட மூண்டாம் வாய்க்கால் எங்கட ஒரு வட்டாரத்திலையும் இல்லை. வட்டாரம் பிரிக்கேக்கை அது காடு. புதிசா ஒரு வட்டாரம் தாங்கோ எண்டு நான் எழுதிக் கேக்கலாம். அங்கை எத்தினை வாக்கு எண்டுதான் முதல் கேள்வி வரும். நான் வாக்காளர் இடாப்பை எடுத்துப் பாத்தனான்."

"வாய்க்கால் நெடுகச் சனம் இருக்குதையா" என்றீர்கள் நீங்கள்.

"சனம் இருக்கு, வாக்கு இல்லை. இடாப்பின்படி பாத்தா உங்கட இடம் இப்பவும் காடுதான். அங்கை காட்டுப் பண்டி நிக்குது எண்டுதான் அரசாங்கம் நினைச்சுக்கொண்டிருக்கு."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முந்தின வருஷம் விதானையார் வாக்காளர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் நெடுக வந்தாரே, ஞாபகமோ? ஒவ்வொரு படலையிலும், "இஞ்ச தானே இருக்கிறியள், இஞ்ச பதியட்டோ?" என்று கேட்டார். ஒவ்வொரு படலையிலும் ஒரே மறுமொழி. ஐயோ வேண்டாம், எங்கட பேர் ஊரில கிடக்கு. உடுவிலான் உடுவில் என்றான், புலோலியான் புலோலி என்றான். நீங்கள் உங்கள் ஊரைச் சொன்னீர்கள், நான் உங்களுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். மனுஷன் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அப்ப நீங்கள் எல்லாரும் இஞ்ச விருந்துக்கு வந்தனியள் போல" என்றார். நாங்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்தோம். அவர் பகிடி விடவில்லை.

எங்கள் சனத்தின் குணம் அது. நெல்லு இங்கே விளையும், பிள்ளை இங்கே வளரும், ஊர் மட்டும் அங்கே இருக்கும். வன்னிக்குப் போனவன் என்றால் யாழ்ப்பாணத்தில் அப்போது ஒரு இளப்பம். காட்டுக்குப் போனவை என்பார்கள். நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது எந்த ஊர் என்று கேட்டால் வாய்க்கால் இலக்கத்தையா சொல்வது? அங்கே இடாப்பில் பேர் கிடந்தால் நாங்கள் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். கோயில் திருவிழாவில் எங்கள் குடும்பத்து நாள் எங்களுக்கே இருக்கும். அந்தப் பேரை இழுத்துக்கொண்டு வருவது என்றால் ஒவ்வொருவருக்கும் நெஞ்சிலே ஏதோ அறுகிற மாதிரி.

உங்களுக்கு அதற்குமேல் ஒன்று இருந்தது, உங்கள் அண்ணர். தகப்பன் செத்தபிறகு உங்களைத் தூக்கி வளர்த்தவர். ஊர்க் கிராமச் சங்கத்தில் அவர் அங்கத்தவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருக்குப் போட்டி கடுமை. உங்கள் ஊரிலிருந்து இந்த வாய்க்காலுக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் உங்கள் சொந்தக்காரர். தேர்தலுக்கு முதல்நாள் எல்லாரும் புளியங்குளத்தில் பஸ் பிடித்து, கலியாணத்துக்குப் போகிற மாதிரிச் சிரித்துப் பேசிக்கொண்டு போவோம். அண்ணர் வீட்டு முற்றத்தில் சாப்பாடு நடக்கும். வன்னியிலிருந்து வருகிற அந்த வாக்குகளில்தான் அவர் கரைசேருவார். அது ஊருக்கே தெரியும்.

"மார்கழியில பிள்ளை பிறக்கும்" என்றேன் நான். "அப்ப ஓடையிட்டை அண்ணருக்கு வாக்குப் போட்டனாங்கள் எண்டு சொல்லுவமோ, வழி விடும்?"

"பாப்பம்" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டினீர்கள். சோறு போடும்போது கேட்டாலும் பாப்பம், வரம்பில் நிற்கும்போது கேட்டாலும் பாப்பம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். உங்களுக்கு நித்திரை வராமல் புரண்டதும் எனக்குத் தெரியும். ஆனால் இரக்கப்பட எனக்கு அப்போது மனமில்லை, பயந்தான் இருந்தது. பவளமக்காவின் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் என் வயிற்றைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன்.

மார்கழியில் குளம் வான் பாய்ந்தது. விடிய எனக்கு வலி தொடங்கிற்று. நீங்கள் ஓடைக்கரையில் நின்று அக்கரைக்குக் கத்திச் சொல்லி, அங்கே ஒருவர் சைக்கிளில் போய் மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வர மத்தியானமாயிற்று. எங்கள் வீட்டுக் கதிரையை இரண்டு நீளத் தடியில் கட்டி நாலு பேர் தோளில் வைத்தீர்கள். நீங்கள் முன்பக்கம். மருத்துவிச்சி மடியில் பெட்டியும் கையில் குடையுமாக ஏறியிருந்தாவாம். நடு ஓடையில் கதிரை சரிய, "என்னைத் தண்ணியில விட்டால் அவனவன்ர பெண்சாதியை அவனவனே பாருங்கோ" என்று சத்தம் போட்டாவாம். பவளமக்கா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தாள். அவளுக்கு அந்தக் கதிரை வரவில்லை.

மருத்துவிச்சி உள்ளே வந்து, "முதல்ல எனக்கொரு காஞ்ச சீலை தாங்கோ" என்றா. பொழுது சாய முன்னரே மகள் பிறந்துவிட்டாள். பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு, பதிவுக்கு விபரம் சொல்லும்படி உங்களைக் கூப்பிட்டா. தகப்பன் பேர், தாய் பேர் எல்லாம் சொன்னீர்கள். பிறந்த ஊர் என்ன என்று கேட்டா. நீங்கள் பழக்கதோஷத்தில் உங்கள் ஊர்ப் பேரைச் சொன்னீர்கள்.

"ஐயா, நான் கேட்டது பிள்ளை பிறந்த ஊர்" என்றா அவா. "இவ்வளவு தண்ணிக்குள்ளால நான் என்ன, யாழ்ப்பாணத்துக்கோ வந்தனான்?"

நீங்கள் பிள்ளையைப் பார்த்தீர்கள். பிறகு பவளமக்காவைப் பார்த்தீர்கள். இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்று நடுங்கிக்கொண்டு, "மூண்டாம் வாய்க்கால்" என்று சொன்னீர்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு ஊர்ப் பேரைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்.

அதற்குப் பிறகு பாப்பம் என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை. விதானையார் வரும்வரைகூடப் பொறுக்காமல் அவர் வீட்டுக்கே போய் எங்கள் இரண்டு பேரின் பேரையும் இங்கே பதியச் சொன்னீர்கள். பிறகு படலை படலையாக ஏறினீர்கள். "ஊரை விடச் சொல்லேல்லை, பேரை இஞ்ச கொண்டுவரச் சொல்லுறன்" என்று எல்லாரிடமும் அதையே சொன்னீர்கள். பவளமக்காவின் புருஷன் முதலாவதாக வந்தார். சிலர் மூஞ்சியைத் திருப்பினார்கள். உங்களுக்கு மதகுப் பைத்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. உங்கள் ஊர்க்காரரிடம் கடைசியாகத்தான் போனீர்கள். அவர்கள் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.

"எங்களுக்கு ஒண்டுமில்லை. உங்கட அண்ணருக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?"

"நான் சொல்லுறன்" என்றீர்கள்.

சொன்ன இடத்தில் நானும் இருந்தேனே. ஊர்த் தேருக்குப் போயிருந்தோம். மகள் தவழ்கிற வயது. அண்ணர் எங்களை வரிசையாக இருத்தித் தன் கையாலேயே பரிமாறினார். உங்களுக்கு விருப்பமென்று முருங்கைக்காய்க் குழம்பை இரண்டாந்தரம் விட்டார். விட்டுக்கொண்டே, "இந்த முறை போட்டி இன்னும் கடுமையா இருக்கும்போல. வாய்க்கால் சனம் ஒருத்தரும் மிச்சமில்லாமல் வரோணும்" என்றார்.

"அண்ணை, எங்கட பேரையெல்லாம் அங்கை பதிஞ்சிட்டம்" என்றீர்கள். தலை நிமிரவில்லை.

அண்ணர் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். "எல்லாற்ர பேரையுமோ?"

"ஓம். நான்தான் சொன்னனான்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியோ?"

"கேட்டால் நீங்கள் வேண்டாம் எண்டுவியள். பிறகு நான் உங்களை மீற ஏலாது."

அவர் கையைக் கழுவினார். "காட்டுக்குப் போனவன் காட்டிலேயே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீங்கள் அந்த இலையில் இருந்த சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழும்பினீர்கள். நான் உங்கள்மேல் அன்றைக்குப் பட்ட இரக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தத் தேர்தலில் அண்ணர் தோற்றார். கைவிரலில் எண்ணக்கூடிய வாக்குத்தான் வித்தியாசம். செய்தி வந்த அன்றைக்கு நீங்கள் வயலுக்குப் போகவில்லை. அண்ணர் வீட்டுக் கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பொங்கலுக்கு அவர் ஓலைக் குட்டானில் அனுப்புகிற பனங்கட்டியும் நின்றுபோனது.

இங்கே எங்களுக்கு வட்டாரம் கிடைத்தது. கச்சேரியிலிருந்து வந்து பார்த்துப் போய், எழுதி, திருப்பி எழுதி, ஒருவழியாக மூன்றாம் வாய்க்கால் ஒரு வட்டாரமாயிற்று. வட்டாரத்துக்கு நீங்கள் நில்லுங்கள் என்று சனம் கேட்டது. "ஒரு குடும்பத்தில ஒரு தோல்வி போதும்" என்றீர்கள். பவளமக்காவின் புருஷன் நின்று வென்றார். முதல் கூட்டத்திலேயே மதகைத்தான் கேட்டார். சேர்மன் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் வீ.சி.யின் கையிருப்பு பாதி மதகுக்குத்தான் காணும் என்றபடியால் மற்றப் பாதிக்கு நீர்ப்பாசனக்காரரைப் பிடித்தார்கள். இப்போது வட்டாரம் என்று ஒன்று இருந்ததால் அவர்களும் மறுக்கவில்லை. வடக்குச் சுவரை வீ.சி. கட்டியது, தெற்குச் சுவரை நீர்ப்பாசனம் கட்டியது. இரண்டு சுவரும் ஒரே உயரமில்லை. மேலே மண் நிரப்பினது நாங்கள், ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் கடகம் சுமந்து. பஸ் விடுவது என்று முடிவானபோது பி.டபிள்யூ.டி. வந்து மேலே செம்மண் கிறவல் போட்டது. முதல் பஸ் மதகால் ஏறி இறங்கிய அன்றைக்குப் பவளமக்கா தேங்காய் உடைத்தாள். உடைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கனநேரம் வெளியே வரவில்லை.

நீங்கள் பின்னேரங்களில் மதகுச் சுவரில் போய் இருக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எப்போதும் தெற்குச் சுவர், அது கொஞ்சம் பதிவு, உயரம் குறைவு. காற்று வாங்குகிறேன் என்பீர்கள். யாழ்ப்பாணத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு வருகிற பின்னேர பஸ் போகும்வரை உங்களுக்குக் காற்றுக் காணாது. பஸ் நின்று ஆட்கள் இறங்குவார்கள். நீங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பீர்கள். பிறகு சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பி வருவீர்கள். "ஆரும் வந்தவையோ?" என்று நான் கேட்கமாட்டேன். நீங்களும் சொல்லமாட்டீர்கள். விதானையார் வேலையை எடுத்துவிட்டு கிராமசேவகர் என்று புதிதாக ஒருவரை அனுப்பினார்களே, அவர் வந்த பஸ்ஸையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வெண்டிக்காய் போய்ப் பயித்தங்காய் வந்திருக்கு" என்று வந்து சொன்னீர்கள். அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் சிரித்தோம்.

போன வருஷம் உங்களை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வான் அந்த மதகாலேதான் போனது. வானில் கிடந்துகொண்டு என்னிடம் ஒன்று சொன்னீர்கள். "என்னை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். இஞ்ச வைச்சு எரியுங்கோ." திரும்பி வந்ததும் அந்த மதகாலேதான்.

உங்கள் செத்தவீட்டுக்கு அண்ணர் வந்தார். எங்கள் வளவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல்தரம். உங்களை ஊருக்குக் கொண்டுபோவோம் என்று நின்றார். நான் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அப்பிடிச் சொன்னவனோ?" என்றார். காடாத்திச் சாம்பல் அள்ளும்வரை நின்றார், போய்வாறன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அந்த மனுஷனில் இருந்த ஆத்திரம் ஒரு வருஷம் ஆறவில்லை.

போன வியாழக்கிழமை உங்கள் ஆட்டைத்திவசம், வருஷம் முடிந்தது. நான் அண்ணருக்குச் சொல்லி அனுப்பினேன், வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. காலையில், ஓவசியர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரம், பஸ் வந்து மதகுக்கு அங்காலே நின்றது. திருத்த வேலை நடந்ததால் பஸ் ஏறாது. ஆட்கள் இறங்கி நடந்து வந்தார்கள். நடுவிலே கையில் பனங்கட்டிக் குட்டானோடு உங்கள் அண்ணர். நன்றாக மெலிந்துபோனார். ஓவசியர் அவரையும் மறித்தார்.

"ஐயா, இது ஆரின்ர மதகு?"

நான் படலையைத் திறந்தபடி நிற்கிறேன். அண்ணர் குட்டானைத் தெற்குச் சுவரில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"எழுதும் தம்பி. நீர் பூசிற சுவர் வீ.சி.யின்ர. இந்தப் பக்கச் சுவர் நீர்ப்பாசனத்தின்ர. அதுதான் பதிவாக் கிடக்கு. உள்ளுக்குக் கிடக்கிற மண் இந்தச் சனம் சுமந்தது. மேல கிறவல் பி.டபிள்யூ.டி.யின்ர."

ஓவசியர், "நீங்கள் இந்த ஊரோ?" என்று கேட்டார்.

"இல்லை, என்ர தம்பி இந்த ஊர்" என்றார் அண்ணர். "எல்லாத்துக்கும் அடியில நான் தோத்த வாக்குக் கிடக்கு. அதையும் எழுதும்."

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களோ? நானும் அதைத்தான் கேட்டேன். வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவுக்குப் போகிற எங்கள் வாய்க்கால் சனத்தைக் கோயில் வீதியில் பிடித்துவைத்துக்கொண்டு விசாரித்திருக்கிறார். சுவர் எவ்வளவு எழும்பிற்று, கிறவல் போட்டாச்சோ, பஸ் வருகுதோ என்று. தான் கேட்டதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சனமும் சொல்லாமல் இருந்துவிட்டது, பாருங்கள். நீங்கள் மதகில் இருந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அங்கே இருந்து மதகைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் நினைக்க எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேரையும் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

படையல் முடிந்து சாப்பிட இருந்தார். நான் முருங்கைக்காய்க் குழம்பு விட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, அவன் என்னில கோவத்தோடயோ போனவன்?"

"இல்லை. பின்னேர பஸ் வாற நேரம் மதகில போய் இருப்பார். ஒவ்வொரு நாளும். நீங்கள் இறங்கிறியளோ எண்டு பாக்கத்தான்."

அவர் இலையில் இருந்த சோற்றை, நீங்கள் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரியே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழும்பினார். போகும்போது மகளைக் கூப்பிட்டு அந்தத் தெற்குச் சுவரில் தனக்குப் பக்கத்தில் இருத்தி, பஸ் வரும்வரை கதைத்துக்கொண்டிருந்தார். என்ன கதை என்று நான் கேட்கவில்லை.

அதுதான் சொல்ல வந்தேன். அண்ணர் வந்தவர். பஸ்ஸில்தான் வந்தவர். இனி நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஊர் எது என்று யாரும் கேட்டால் நான் மூன்றாம் வாய்க்கால் என்று சொல்கிறேன். சொல்லும்போது ஈரச் சாரத்தோடு நின்று நீங்கள் சொன்ன குரல்தான் காதில் கேட்கும். மதகு திருத்தியாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம் பஸ் ஏறி வந்தது. சுளகும் கையுமாக முற்றத்தில் நின்ற நான், அது மதகடியில் வந்து நிற்க, தலையை நிமிர்த்தி, இறங்குகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அண்ணர் வந்து போயாகிவிட்டது. நான் ஆரைப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.